அறந்தாங்கியில் நீட் விண்ணப்பம் போட எங்கே போகலாம்?

"டீச்சர், நீட்டுக்கு எங்க போய் அப்ளிகேஷன் போடுறது?" பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோர் வருடா வருடம் கேட்கும் கேள்வி இது. நான் அரசுப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். பல வருடங்களாக நான் சொல்லும் பதில் ஒன்றுதான். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. 'மாடி ஜெராக்ஸ்' என்று கேட்டால் ஆட்டோக்காரர்களே காட்டுவார்கள். ஓர் அக்கா நடத்துகிறார். பிரிண்ட் எடுப்பது, வேலைவாய்ப்புப் பதிவு, வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் என்று எல்லா வேலையும் உண்டு. ஆனால் நான் இங்கே எழுதுவது நீட் விண்ணப்பம் பற்றி மட்டும்.

அந்தக் கடையில் எனக்கு நம்பிக்கை வந்தது 2020-ல். விண்ணப்பம் போட்டுத் தர ஊரில் நிறையக் கடைகள் இருக்கின்றன. போட்ட விண்ணப்பத்தைக் கடைசி வரை கவனிக்கிற கடை அந்த வருடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

முதலில் ஒரு விஷயம். நீட் படிவத்தில் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கேட்பார்கள். அவசரத்தில் பல கடைக்காரர்கள் தங்கள் எண்ணையே போட்டுவிடுவார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு மின்னஞ்சல் இருக்காது, அப்பாவின் போனில் ரீசார்ஜ் இருக்காது, வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்று எல்லாருக்கும் தோன்றும். சாதாரண வருடத்தில் இது பெரிதாகத் தெரியாது. தேதி மூன்று முறை மாறுகிற வருடத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் வருகிற குறுஞ்செய்தி யாரோ ஒரு கடைக்காரர் போனுக்குப் போய்ச் சேரும். வேறொரு கடையில் போட்டிருந்த என் மாணவன் ஒருவனுக்கு அதுதான் நடந்தது. கடை ஊரடங்கில் மூடிக்கிடந்தது, கடவுச்சொல் கடைக்காரருக்கு மட்டுமே தெரியும், அவரோ ஊரில் இல்லை. மாடிக் கடை அக்கா அந்த வேலையைச் செய்யவே மாட்டார். "உன் நம்பரைச் சொல்லு தம்பி. உனக்கு வர்ற மெசேஜ் உனக்குத்தான் வரணும்" என்பார். மின்னஞ்சல் இல்லாத பிள்ளைக்கு அங்கேயே உட்கார வைத்து ஒன்று தொடங்கித் தருவார். விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் பிள்ளையின் நோட்டில் பிள்ளையின் கையாலேயே எழுத வைப்பார். தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்.

இதன் அருமை 2020 மார்ச்சில் தெரிந்தது. அந்த வருடத் தேர்வு முதலில் மே 3 என்றார்கள். மார்ச் கடைசியில் ஒத்திவைத்தார்கள். மே மாதம் மத்திய அமைச்சர் ஜூலை 26 என்று அறிவித்தார். ஜூலை தொடக்கத்தில் அதுவும் மாறி செப்டம்பர் 13 ஆனது. நடுவில் தேர்வு நகரத்தை மாற்றிக்கொள்ள அவகாசம் தந்தார்கள். மே 31 வரை நீட்டினார்கள், பிறகு ஜூலையில் மறுபடியும் திறந்தார்கள். இந்த அவகாசம் எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு முக்கியம் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. பயிற்சிக்காக மதுரையிலோ சென்னையிலோ தங்கியிருந்தவர்கள் டிசம்பரில் விண்ணப்பிக்கும்போது அந்த நகரத்தையே தேர்வு மையமாகக் கேட்டிருந்தார்கள். ஊரடங்கில் விடுதிகளைக் காலி செய்து ஊருக்கு வந்துவிட்டார்கள். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும், பேருந்து கிடையாது. தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ மாற்றினால்தான் தேர்வெழுதவே முடியும்.

அந்த அறிவிப்புகள் ஆங்கிலத்தில் இணையத்தில் வந்தன. தமிழில் தேர்வெழுதப் போகிற பிள்ளைக்கு, அதை எப்படி எழுதப்போகிறாய் என்பதைச் சொல்லும் அறிவிப்பு தமிழில் இல்லை. இதை நான் இன்றைக்கும் ஒரு குறையாகவே சொல்வேன். அக்கா ஒவ்வோர் அறிவிப்பையும் படித்து, தமிழில் நாலு வரியாகத் தட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கடை மூடியிருந்த நாட்களில் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து, பிள்ளைகள் போனில் விவரம் சொல்லச் சொல்ல நகரத்தை மாற்றித் தந்தார். நோட்டில் கடவுச்சொல் எழுதி வைத்திருந்த பிள்ளைகளுக்கு அது கால் மணி நேர வேலை. அதற்கு அவர் காசு வாங்கவில்லை. வற்புறுத்திக் கொடுக்கப் போன ஒரு தகப்பனாரிடம், "கடை திறக்கட்டும்ணே, பிரிண்ட் எடுக்க வர்றப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 17-ல் உச்ச நீதிமன்றம் தேர்வைத் தள்ளிவைக்க முடியாது என்று சொன்ன பிறகும் பல வீடுகளில் நம்பவில்லை. இன்னொரு தடவை தள்ளிப்போகும் என்றே இருந்தார்கள். ஆகஸ்ட் 26-ல் அனுமதிச் சீட்டு வெளியானதும் கடைக்கு எல்லாரும் ஓடினார்கள். இங்கேதான் கடையின் தரத்தை நான் நேரில் பார்த்தேன். அந்த வருட அனுமதிச் சீட்டு வழக்கமானது இல்லை. காய்ச்சல், இருமல் உண்டா, தொற்று வந்தவரோடு 14 நாட்களில் பழகினாயா என்று கேட்டு உறுதிமொழி தர வேண்டும். பாஸ்போர்ட் அளவுப் படம் ஒட்ட வேண்டும், இடது கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். மாணவர் கையெழுத்தை மட்டும் மையத்துக்குப் போய்த்தான் போட வேண்டும். அது தவிர இன்னொரு பக்கத்தில் அஞ்சலட்டை அளவுப் படம். பல பிள்ளைகள் சீட்டு கைக்கு வந்ததும் சந்தோஷத்தில் முதலில் செய்வது கையெழுத்துப் போடுவதுதான். அக்கா கையெழுத்துக் கட்டத்தின் மேல் பென்சிலால் 'அங்கே போய்' என்று எழுதிக் கொடுத்தார். படத்தை ஒட்டி, காயவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தார். நுழைய வேண்டிய நேரம் ஆளுக்கு ஆள் மாறியது. காலை 11 மணியிலிருந்தே சிலருக்கு உண்டு. அதை உறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதினார். மதியம் ஒன்றரைக்குப் பிறகு கதவு சாத்திவிடுவார்கள் என்பதையும் சேர்த்து.

கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ஒளி புகும் தண்ணீர் பாட்டில், 50 மில்லி சானிடைசர், முகக்கவசம், செருப்பு, அரைக்கை மேல்சட்டை. புது முகக்கவசம் மையத்திலேயே தருவார்கள் என்பதும் அதில் இருந்தது. அறைக்கு 24 பேர் என்பதை 12 ஆக்கியிருந்தார்கள், அதனால் நாடு முழுக்க மையங்கள் 2,546-லிருந்து 3,843 ஆகக் கூடின. எங்கள் பிள்ளைகள் சிலருக்குக் கிடைத்த மையத்துக்கு முந்தைய வருடம் யாருமே போனதில்லை. அக்கா வரைபடத்தைத் திறந்து, எந்த நிறுத்தத்தில் இறங்கி எப்படிப் போவது என்று அச்சடித்துக் கொடுத்தார். மாவட்டங்களுக்கு இடையே பேருந்து ஓடத் தொடங்கியதே செப்டம்பர் 7-ல்தான். ஓடும் என்று யாரும் நம்பத் தயாராக இல்லை. நாங்கள் வேன் பேசினோம்.

தேர்வுக்கு முந்தைய நாள் தமிழ்நாட்டில் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தது. அன்று மாலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாருக்கும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அக்கா ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். எனக்கு இது பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

பிறகு 7.5 சதவீதம். மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான உள் ஒதுக்கீட்டு மசோதா செப்டம்பர் 15-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதலுக்காக ஒன்றரை மாதம் காத்திருந்தோம். நீட் முடிவு அக்டோபர் 16-ல் வந்துவிட்டது. அக்டோபர் 29-ல் அரசாணை, மறுநாள் ஆளுநர் ஒப்புதல், நவம்பர் தொடக்கத்திலேயே விண்ணப்பம், நவம்பர் 18-ல் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் கலந்தாய்வு. எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறிய பிள்ளை இரண்டு மூன்று தலைமையாசிரியர்களைத் தேடிப் போக வேண்டும். அரசாணை வருமா வராதா என்று தெரியாத அக்டோபரிலேயே, "எதுக்கும் சர்டிபிகேட்டை வாங்கி வச்சிருங்க" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். முந்தைய வருடம் அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் 6 பேர். அந்த வருடம் 300-க்கும் மேல். எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தியும் அதில் இருந்தாள். இதை எழுதும்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

2021-ல் இன்னொரு சிக்கல். விண்ணப்பத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். முதல் பகுதி தேர்வுக்கு முன்னால், இரண்டாம் பகுதி தேர்வு முடிந்து முடிவு வருவதற்குள். தேர்வு எழுதி முடித்த பிள்ளை இனிமேல் படிவம் நிரப்ப வேண்டும் என்று எதிர்பார்க்குமா? அக்கா முதல் பகுதி போட்டவர்களின் பெயரை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அக்டோபரில் ஒவ்வொருவராக அழைத்து முடித்த பெயரை அடித்தார். அதே வருடம்தான் அகில இந்திய ஒதுக்கீட்டில், அதாவது மாநில அரசுக் கல்லூரிகள் நாடு முழுவதற்கும் பொதுவாக விடுகிற இடங்களில், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் வந்தது. மத்தியப் பட்டியலில் அந்தப் பிரிவில் வருகிற எங்கள் ஊர் பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் பலரை மற்ற கடைகளில் பொதுப்பிரிவு என்று போட்டுவிடுவதுண்டு. இந்தக் கடையில் சாதிச் சான்றைப் பார்க்காமல் அந்தக் கட்டத்தைத் தொட மாட்டார்கள்.

குறைகளும் உண்டு. இடம் மிகச் சிறியது. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர். பெற்றோர் படியில்தான் நிற்க வேண்டும், மூட்டுவலிக்காரர்களுக்கு அந்தப் படி செங்குத்து. மின்சாரம் போனால் வேலை நின்றுவிடும், யுபிஎஸ் அரைமணி கூடத் தாங்காது. பத்து மணிக்கு மேல்தான் திறப்பார். கடைசித் தேதிக்கு முந்தைய இரண்டு நாட்கள் புது விண்ணப்பம் எடுக்க மாட்டார். இது சிலருக்குக் கோபம் தரும். இணையதளம் திணறுகிற நாளில் அவசரமாகப் போட்டுத் தப்பு வருவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார், "உங்க டீச்சரைக் கேளுங்க" என்று அனுப்பிவிடுவார். எனக்கு அது சரியாகவே படுகிறது, ஆனால் டீச்சர் யாரும் கைக்கு எட்டாத பிள்ளைகளுக்கு அது இடைஞ்சல்தான்.

பழைய கேள்வித்தாள்களும் இங்கே அச்சடித்துக் கிடைக்கும். வாங்கும்போது வருடத்தைப் பாருங்கள். 2021-லிருந்து 2024 வரை ஒவ்வொரு பாடத்திலும் பி பிரிவில் 15 கேள்வி இருக்கும், 10-க்கு எழுதினால் போதும். பெருந்தொற்றில் பாடம் சரியாக நடக்காததால் தந்த சலுகை அது. 2025-ல் அதை எடுத்துவிட்டார்கள். மறுபடியும் 180 கேள்வி, மூன்று மணி நேரம், விருப்பத் தேர்வு இல்லை. அந்த நான்கு வருடத் தாள்களை மட்டும் வைத்துப் பயிற்சி எடுத்த பிள்ளைக்குத் தெரியாத கேள்வியை விட்டுவிடும் பழக்கம் வந்திருக்கும். 2020-ம் அதற்கு முந்தையதும் கேட்டு வாங்குங்கள். அக்கா தனிக்கட்டாக வைத்திருக்கிறார்.

கட்டணம்: விண்ணப்பம் போட்டுத் தர 100 ரூபாய், தேர்வுக் கட்டணம் தனி. அரசுப் பள்ளி அடையாள அட்டை காட்டினால் பாதி. கறுப்பு வெள்ளை பிரிண்ட் பக்கத்துக்கு 5 ரூபாய். படம் எடுக்கும் வசதி கடையில் இல்லை. பக்கத்து ஸ்டுடியோவில் வெள்ளைப் பின்னணியில், காது இரண்டும் தெரிகிற மாதிரி எடுத்து, படக் கோப்பையும் வாங்கிக்கொண்டு போங்கள். ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, ஒரு நோட்டு. பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அப்பா மட்டும் போனால் அக்கா திருப்பி அனுப்பிவிடுவார்.