தண்ணீர் வைக்காதீர்கள் என்றார் கடைக்காரர்

காரைக்குடியில் முயல் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மகள் ஆசைப்பட்டாள் என்று, சித்திரை வெயிலில் ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கினேன். “மூன்று மாதக் குட்டி அண்ணே. புல், கீரை போட்டால் கழியும். தண்ணீர் வைத்தால் செத்துவிடும். இது மட்டும் போதும்” என்று வண்ணவண்ணமாக ஒரு தீவனப் பொட்டலத்தைத் தலையில் கட்டினார். பில் கேட்டதற்கு, “நம்ம கடைதானே” என்றார்.

வளவில் கூண்டை வைத்தோம். “சீவன் தண்ணீர் இல்லாமல் இருக்குமா, தம்பி?” என்று ஆத்தா அன்றே கேட்டார். கடைக்காரருக்குத் தெரியாதா என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். மூன்றாம் நாள் புழுக்கை சிறுத்து மிளகுபோல் காய்ந்து கிடந்தது. ஐந்தாம் நாள் விடியலில் ஒன்று விறைத்துக் கிடந்தது. போனில் கேட்டால், “குளிர் தாக்கியிருக்கும், பாதி விலைக்கு வேறு தருகிறேன்” என்கிறார். சித்திரையில் குளிராம்!

மற்றதைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். தோலுக்கடியில் திரவம் ஏற்றியே காப்பாற்றினார். குட்டிக்கு ஒரு மாதம்கூட நிறைந்திருக்காது என்றார். எட்டு வாரமாவது தாயிடம் இருந்திருக்க வேண்டுமாம். பொட்டலத்தில் இருந்தது உடைத்த மக்காச்சோளமும் சூரியகாந்தி விதையும் சாயமேற்றிய உருண்டைகளும். மாவுச்சத்து மிகுந்து நார் குறைந்தால் முயலின் குடல் நின்றுவிடும். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. பல் வாழ்நாளெல்லாம் வளர்வதால், அது தேயவும் புல்லைத்தான் மெல்ல வேண்டும்.

வளர்ந்த முயலின் உணவில் 80 சதவீதத்துக்கு மேல் புல்லும் உலர்புல்லுமாக இருக்க வேண்டும். அழுத்திச் செய்த குச்சித் தீவனம் (பெல்லட்) முயலின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் போதும். கேரட் எப்போதாவது ஒரு துண்டு. பழகாத கீரையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுங்கள். தண்ணீர் இரவும் பகலும் இருக்கட்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லி வரை குடிக்கும் பிராணி அது. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள்.

பிழைத்தது இப்போது ஊருணிக்கரை அறுகம்புல்லைத் தின்கிறது. மருந்து தெளிக்காத இடம் பார்த்து ஆத்தாதான் அறுத்து, அலசிப் போடுகிறார். நேற்று அந்தக் கடைப்பக்கம் போனேன். அதே பொட்டலங்கள் வாசலில் தொங்குகின்றன. கூண்டுகளில் ஒன்றில்கூடத் தண்ணீர்க் கிண்ணம் இல்லை.