ஓட்டுப் போடாதவரின் பலம் எங்கே போகிறது? காம்பவுண்ட், காஸ்மோஸ், கர்வ்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பிளாக்செயின் திட்டங்களின் வாக்கெடுப்புகளை ஒப்பிடுகிறவர்கள் முதலில் கை வைப்பது வாக்குப்பதிவு சதவீதத்தில்தான். காஸ்மோஸின் ஒரு வாக்கெடுப்பில் 73, காம்பவுண்டின் ஒன்றில் 13 என்றால், முதலாவதில் எல்லாரும் பொறுப்பானவர்கள், இரண்டாவதில் எல்லாரும் சோம்பேறிகள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் டோக்கன் (ஓட்டுரிமை தரும், திட்டத்தின் டிஜிட்டல் நாணயம்) வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் எங்குமே முன்மொழிவுகளைப் படிப்பதில்லை. நூறு பக்கத் தொழில்நுட்ப விவாதத்தைப் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: அவர்கள் போடாத ஓட்டை அந்தந்த அமைப்பு என்ன செய்கிறது?

முதலில், கிரிப்டோவைக் கடனாகக் கொடுக்கவும் வாங்கவும் உதவும் காம்பவுண்ட். இங்கே டோக்கனை வாங்கி வைத்தால் மட்டும் ஓட்டுரிமை வந்துவிடாது. அதை யாருக்காவது, குறைந்தபட்சம் தனக்கே, டெலிகேட் செய்திருக்க, அதாவது ஓட்டுரிமையை ஒப்படைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாத டோக்கன்கள் கணக்கிலேயே வராது. மொத்தம் 1 கோடி காம்ப் டோக்கன்கள். கோரம், அதாவது முடிவு செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஓட்டு, வெறும் 4 லட்சம். இந்த இடைவெளியில் என்ன நடக்கலாம் என்பதை 2024 ஜூலையில் 289-ஆம் முன்மொழிவு காட்டியது. 4,99,000 காம்ப் டோக்கன்களை, அன்றைய மதிப்பில் சுமார் 2.4 கோடி டாலர், ஒரு குழு உருவாக்கிய பெட்டகத்துக்கு மாற்ற வேண்டும் என்பது கோரிக்கை. ஆதரவு 6,82,191. எதிர்ப்பு 6,33,636. ஞாயிற்றுக்கிழமை நிறைவேறியது.

இரண்டு பக்கமும் சேர்த்தாலே மொத்த டோக்கன்களில் 13 சதவீதம்தான். வித்தியாசம் ஐம்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. பலர் இதைத் தாக்குதல் என்றார்கள். விதிப்படி பார்த்தால் அது ஒரு வாக்கெடுப்பு, அவ்வளவுதான். பிறகு பேச்சுவார்த்தை நடத்தி முன்மொழிவை ரத்து செய்ய வைத்தார்கள். ஆக, காம்பவுண்ட் மாதிரியில் பேசாமல் இருப்பவரின் பலம் யாருக்கும் போவதில்லை, காற்றோடு போகிறது. அதனால் உறுதியான சிறு குழுவின் கை ஓங்குகிறது.

பெரும்புள்ளி நினைத்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. இதே வகை அமைப்பில் இயங்கும் யுனிஸ்வாப் என்ற டோக்கன் பரிமாற்றத் தளத்தில், 2023 பிப்ரவரியில் பிஎன்பி செயின் என்ற பிளாக்செயினுக்கு விரிவாக்கும் முன்மொழிவை எதிர்த்து ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 1.5 கோடி ஓட்டுகளைப் போட்டும் தோற்றது. ஆனால் அங்கே எதிர்ப்பக்கம் விழித்திருந்தது. காம்பவுண்டில் விழித்திருந்தவர்கள் போதவில்லை.

காஸ்மோஸ் ஹப் என்ற பிளாக்செயின் இதற்கு நேர் எதிர். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்களே, இங்கே அதுதான் சட்டம். நீங்கள் அதன் ஆட்டம் (ATOM) காயினை, பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து பிளாக்செயினை இயக்கும் ஒரு வேலிடேட்டரிடம் ஸ்டேக் செய்துவிட்டு, அதாவது வருமானத்துக்காகப் பூட்டி வைத்துவிட்டு, ஓட்டுப் போடாமல் இருந்தால், வேலிடேட்டரின் ஓட்டே உங்கள் ஓட்டு. பிடிக்கவில்லையென்றால் நீங்களே தனியாகப் போட்டு அதை மீறலாம். 40 சதவீத கோரம் இங்கே எளிதாக எட்டப்படுவதன் ரகசியம் இதுதான். முதலில் சொன்ன அந்த 73 சதவீதத்தில் கணிசமான பகுதி இரவல் ஓட்டு.

2023 நவம்பரில் வந்த 848-ஆம் முன்மொழிவைப் பாருங்கள். அந்த 73 சதவீதம் பதிவானது இதில்தான். ஆட்டம் காயினின் பணவீக்க உச்சவரம்பை 20-இலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கலாமா என்பது கேள்வி. பணவீக்கம் குறைந்தால் ஸ்டேக்கிங் வருமானம் குறையும். சிறிய வேலிடேட்டர்களுக்கு வயிற்றில் அடி. காயினை வைத்திருப்பவர்களில் பலருக்கோ மதிப்பு நீர்க்காமல் இருப்பது லாபம். ஆக, ஓட்டைக் கையில் வைத்திருப்பவரின் நலனும் ஓட்டுக்குச் சொந்தக்காரரின் நலனும் மோதுகிற அபூர்வமான சோதனை. ஆம் 41.1, இல்லை 31.9, வீட்டோ (கடும் எதிர்ப்பு) 6.6, நடுநிலை 20.4 சதவீதம். நடுநிலையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 51.6 சதவீதத்தில் மயிரிழையில் தப்பியது.

இங்கே நான் கவனிப்பது அந்த 20 சதவீத நடுநிலையை. எந்தப் பக்கம் போட்டாலும் யாரோ ஒருவர் ஸ்டேக்கை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவார் என்ற நிலையில், நடுநிலை ஒரு வேலிடேட்டருக்குப் பாதுகாப்பான ஒதுங்கல். கோரத்துக்கு மட்டும் கைகொடுக்கும், முடிவில் தலையிடாது. காஸ்மோஸ் தரவை அலசுகிறவர்கள் ஆம், இல்லை எண்ணிக்கையை விட, வேலிடேட்டரை மீறித் தனியாக ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவர்கள்தான் உண்மையான வாக்காளர்கள்.

டோக்கன்களை மாற்றிக்கொள்ளும் தளமான கர்வ் வேறு உலகம். அதன் சிஆர்வி டோக்கனைப் பூட்டி வைத்தால்தான் ஓட்டு. 4 ஆண்டுக்குப் பூட்டினால் முழு பலம், 1 ஆண்டுக்கு என்றால் கால் பங்கு. நீண்டகாலம் இருக்கப்போகிறவர்தான் முடிவெடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் வைத்த விதி. நடந்ததோ வேறு. 4 ஆண்டு காத்திருக்க மனமில்லாதவர்களுக்காக 2021-இல் கான்வெக்ஸ் என்ற திட்டம் வந்தது; அவர்களின் டோக்கனைப் பெற்றுத் தானே பூட்டிக்கொண்டு, பதிலுக்கு விற்கக்கூடிய இன்னொரு டோக்கனைக் கொடுத்தது. விரைவிலேயே மொத்த ஓட்டுப் பலத்தில் ஏறக்குறைய பாதி அதனிடம் சேர்ந்துவிட்டது. அப்புறம் அந்தப் பலத்தை வழிநடத்தும் உரிமைக்கு வோட்டியம் போன்ற சந்தைகளில் வெளிப்படையாகவே விலை பேசப்பட்டது. ஓட்டுக்குக் காசு என்றால் மற்ற இடங்களில் ஒளித்துத்தான் கொடுப்பார்கள். இங்கே ரசீதோடு சங்கிலியிலேயே பதிவாகிறது. ஆய்வாளருக்கு இதைவிட சுத்தமான தரவு கிடைக்காது.

போல்கடாட் என்ற பிளாக்செயினும் பூட்டுகிற வழிதான். பூட்டாமல் போட்டால் ஓட்டுப் பலம் 0.1 மடங்கு, 224 நாள் பூட்டினால் 6 மடங்கு. ஆனால் அங்கே ஒவ்வொரு முன்மொழிவுக்கும் எவ்வளவு காலம் என்று தனித்தனியாகத் தீர்மானிக்கலாம் என்பதால், ஒருவருக்கு எந்த விஷயத்தில் எவ்வளவு அக்கறை என்பது எண்ணாகவே தெரிகிறது. நடத்தையை ஆராய இது எனக்குப் பிடித்த அம்சம்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்? கருவூலத்தில் பெரும் பணம் இருந்தால் காம்பவுண்ட் மாதிரியை அப்படியே எடுப்பது ஆபத்து. திறந்த வீட்டுக்குக் காவல் இல்லாத கதைதான். காஸ்மோஸ் மாதிரி பாதுகாப்பானது, ஆனால் வேலிடேட்டர்களின் வருமானத்தைத் தொடும் விஷயங்களில் மட்டும் இரவல் ஓட்டை நிறுத்திவைக்க வேண்டும் என்பேன். வாராவாரம் பரிசுத்தொகையை எந்தப் பூலுக்கு (பரிமாற்றத்துக்கான டோக்கன் தொகுப்புக்கு) பங்கிடுவது என்ற அளவுக்குக் கர்வ் முறை பொருந்தும். மற்றபடி அதன் விதிகளை மாற்றும் வாக்கெடுப்புக்கு, விலைக்குக் கிடைக்கிற பலத்தை நம்புவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஒப்பிடும்போது இன்னொன்று: வாலெட் (டோக்கன் வைக்கும் டிஜிட்டல் கணக்கு) எண்ணிக்கையை ஆள் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவரே நூறு வாலெட் வைத்திருக்கலாம். எக்ஸ்சேஞ்சின் ஒரே வாலெட்டுக்குள் லட்சம் பேரின் காயின் இருக்கலாம். ஓட்டு எந்த நேரத்தில் விழுந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்; கடைசி சில மணி நேரத்தில் பெரிய ஓட்டு வந்து விழுந்தால், எதிர்ப்பக்கத்துக்குத் திருப்பி ஆள் திரட்ட அவகாசமே இருக்காது.