குழந்தைக்குப் பயிற்சி என்று போனோம், நாற்காலி எங்களுக்குப் போட்டார்கள்

மழலையர் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், சின்னக் குழந்தைகள் இருக்கிற குடும்பங்களுக்குச் சேவையும் தருகிற ஒரு குழந்தை வளர்ச்சி மையம் இது. இதற்குள் நாங்கள் இரண்டு வாசல் வழியாகவும் போய்வந்திருக்கிறோம். என் மனைவி மழலையர் பள்ளியில் ஆசிரியை. பள்ளி மூலமாக அங்கே ஆறு மாதப் பயிற்சிக்குப் போனார். அதே சமயத்தில் எங்கள் மகளுக்காகக் குடும்பச் சேவையில் நான் பெயர் கொடுத்தேன். அவளுக்கு அப்போது 22 மாதம், ஆறேழு சொல்லுக்கு மேல் பேசவில்லை. மையத்தின் பெயரை எழுதவில்லை, நிறையக் குறை சொல்லப்போகிறேன், அதனால் வேண்டாம். இதே மாதிரி சேவை பல இடங்களில் இருக்கிறது, சேர்வதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது உதவினால் சரி.

முதல் நாளே கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். ஏஜஸ் அண்ட் ஸ்டேஜஸ் என்று பெயர், பல நாடுகளில் பயன்படுத்துவதுதான். பிறந்த ஒரு மாதத்திலிருந்து ஐந்தரை வயது வரைக்கும் வயதுக்கு ஒரு தாள். பேச்சு, ஓடுவது ஏறுவது, கைவிரல் வேலை, யோசித்துச் செய்வது, பழகுவது என்று ஐந்து பகுதி, மொத்தம் 30 கேள்வி. பதில் எழுத வேண்டியது பெற்றோர். எனக்குப் பிடித்தது அந்தப் பதில்கள்தான். ‘ஆம்’, ‘சில சமயம்’, ‘இன்னும் இல்லை’. வெறும் ‘இல்லை’ என்று ஒரு கட்டமே கிடையாது. தூக்கம் கெட்டுப்போய் வந்து உட்கார்ந்திருக்கிற பெற்றோருக்கு அந்த ‘இன்னும்’ எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு கேள்வியில் எனக்கும் மனைவிக்கும் அங்கேயே சண்டை வந்தது. கையால் காட்டாமல், வாயால் மட்டும் சொன்னால் குழந்தை செய்கிறதா என்று ஒரு கேள்வி. நான் ‘ஆம்’ என்றேன், அவர் ‘சில சமயம்’ என்றார். பணியாளர் சிரித்துக்கொண்டே, “இப்போதே சொல்லிப் பாருங்களேன்” என்றார். “பந்தை எடுத்துட்டு வா” என்றேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் என் வலது கை தானாகப் பந்தை நோக்கி நீளுவதைக் கவனித்து இழுத்துக்கொண்டேன். வீட்டில் இத்தனை மாதமும் அவள் என் சொல்லை அல்ல, என் விரலைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பேச்சு தாமதம் என்றதும் முதலில் காது பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இதற்கு முழு மதிப்பெண். கேட்கிறதா என்று பார்க்காமலே பேச்சுப் பயிற்சி ஆரம்பிக்கிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தக் கேள்வித்தாள் நோயைக் கண்டுபிடிக்கிற சமாச்சாரம் இல்லை, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று மட்டும்தான் சொல்லும் என்பதையும் இரண்டு தடவை சொன்னார்கள். காது நன்றாகவே இருந்தது.

அப்புறம் வீட்டு வருகை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம். முதல் நாள் வந்த அம்மா தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலும் நாலு மூடியும் எடுத்து வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். “நீங்கள் விளையாடுங்கள்” என்றார் என்னிடம். எனக்கு எரிச்சல். இவர் விளையாடுவார், குழந்தை பேசும், நான் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். “நான் மாதம் இரண்டு மணி நேரம் இருப்பேன், நீங்கள்?” என்று கேட்டார். சரி என்று உட்கார்ந்தேன்.

மூன்றாவது வருகையில் ஐந்து நிமிடம் வீடியோ எடுத்து, உடனே எங்களுக்கே போட்டுக் காட்டினார். நாற்பதாவது விநாடியில் நிறுத்தினார். மகள் மூடியைப் பாட்டிலுக்குள் போட்டுவிட்டு, உள்ளே விழுந்த சத்தத்தில் கண் விரிய என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? அடுத்த மூடியை எடுத்து “இது என்ன கலர்? இது என்ன கலர்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் 23 கேள்வி கேட்டிருக்கிறேன், உட்கார்ந்து எண்ணினேன். ஒன்றுக்குக்கூடப் பதில் வருகிற வரை காத்திருக்கவில்லை. அவள் பார்த்த பார்வைக்கு ஒரு “டொக்!” சொல்லியிருந்தால் போதும். குழந்தை ஒன்றை நீட்டுகிறது, நாம் வாங்கிக்கொண்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறோம். ஹார்வர்டில் குழந்தை வளர்ச்சிக்கான மையம் இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் பந்தைப் போட்டுத் திருப்பி அடிக்கிற ஆட்டத்தோடு ஒப்பிட்டு விளக்குகிறது. பந்து என் பக்கம் வந்து வந்து தரையில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. பரீட்சை வைப்பதை நிறுத்திவிட்டு, ஒன்று சொன்னதும் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள் என்றார். ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த அம்மாவுக்காகவே ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். ஆனால் நாலாவது மாதம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவர் கேள்வித்தாளை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். முன்னவர் எழுதிய குறிப்பு எதுவும் அவர் கைக்கு வரவில்லை, வீடியோவும் வரவில்லை. மகள் மூன்று வருகைக்கு என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தாள். குழந்தை ஒரு ஆளோடு ஒட்டிப் பழகுவதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்று வகுப்பெடுக்கிற இடத்தில், ஆள் மாறுவதைக் குழந்தைக்கு முன்கூட்டிச் சொல்லி, இருவரும் சேர்ந்து ஒருமுறை வந்து அறிமுகப்படுத்தத் தோன்றவில்லை என்றால் என்ன சொல்ல?

இன்னொன்று, அவர்களுடைய கையேட்டில் ஜமைக்கா ஆய்வைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல ஆய்வுதான். 1980களில் சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழுவினர் வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடம் போய்த் தாய்மாரோடு விளையாட வைத்தார்கள். இருபது வருடம் கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். எல்லாம் சரி, அங்கே வாரம் ஒருமுறை, இங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அதே ஆய்வாளர் 1989-ல் இதையே தனியாகப் பார்த்து, வருகை கூடக்கூடப் பலனும் கூடுகிறது என்று எழுதியிருக்கிறார். ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். ஆள் பற்றாக்குறை என்றார். நேர்மையான பதில், மறுக்கவில்லை. அப்படியானால் கையேட்டிலும் அதைப் போடுங்கள்.

சுவரில் ஒரு சுவரொட்டி வேறு. ஐந்து வயதுக்குள் மூளை 90 சதவீதம் வளர்ந்துவிடுகிறது என்று. அது மூளையின் அளவு, அதோடு கற்பது முடிந்துபோவதில்லை. நாலரை வயதுக் குழந்தையோடு அதன் கீழே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கழற்றிவிடலாம்.

மனைவி பக்கத்துக் கதை வேறு. முதல் இரண்டு நாள் பயிலரங்கு, திரையில் படம், சாப்பாடு, சான்றிதழ். வழக்கமானதுதான், அவர் கொட்டாவியோடு வந்தார். விஷயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பயிற்சியாளர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வகுப்பறைக்கே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டார். ஆசிரியர் பயிற்சியில், பக்கத்தில் இருந்து கைபிடித்துக் காட்டாதவரை பயிலரங்கில் கேட்டது வகுப்புக்குள் வராது என்று ஜாய்ஸ், ஷவர்ஸ் என்கிற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். இருந்தும் பெரும்பாலான இடங்கள் சான்றிதழோடு நிறுத்திக்கொள்வதன் காரணம், மூலையில் உட்கார ஆள் வேண்டும் என்பதுதான்.

மனைவியின் வகுப்பில் ஒரு பையன் மற்ற குழந்தைகளைக் கடித்துக்கொண்டே இருந்தான். இரண்டரை வயது. அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசியாயிற்று, தனியாக உட்காரவைத்தாயிற்று. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டாராம்: “கடிப்பதற்கு முந்தைய நிமிடத்தில் அவன் எங்கே நின்றுகொண்டிருந்தான்?” வரிசையில். எப்போதும் கை கழுவுகிற வரிசையில். 14 குழந்தைகள், ஒரு குழாய், அவர் குறித்து வைத்திருந்த கணக்கில் கடைசிக் குழந்தைக்கு 11 நிமிடக் காத்திருப்பு. நான்கு நான்கு பேராகக் கூப்பிட்டு, மற்றவர்களைப் பாயில் விளையாட விட்டார்கள். கடிப்பது அடியோடு நிற்கவில்லை, ஆனால் வாரத்துக்கு ஒன்று என்று இறங்கிவிட்டது. பையனைத் திருத்த என்ன வழி என்று மூன்று மாதமாக யோசித்தவர்களுக்கு, வரிசையைத் திருத்தத் தோன்றவில்லை பாருங்கள். மனைவிக்கு அதில் கொஞ்சம் வெட்கம்கூட.

பெற்றோர் கூட்டம் மட்டும் சுமார் ரகம். திரை நேரம் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதை, அதாவது ஒரு வயதுக் குழந்தைக்கும் வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்குள், என்று ஒருவர் வாசித்துவிட்டுப் போனார். பின்வரிசையில் ஒரு அப்பா, “தனியாகப் பார்த்துக்கொள்கிறேன், சமைக்கிற அந்த அரை மணி நேரம் என்ன செய்வது?” என்று கேட்டார். அதற்குப் பதில் இல்லை. இத்தனைக்கும் அதுதான் அன்றைக்கு வந்த ஒரே உருப்படியான கேள்வி.

அப்பா என்றதும் ஞாபகம் வருகிறது. விண்ணப்பத்தில் தாயின் பெயர், தாயின் எண், தாயின் படிப்பு. குழந்தையைக் கூட்டிப்போவது நான், செய்தியெல்லாம் மனைவிக்கு. அவர் வகுப்பில் இருப்பார், மாலையில்தான் பார்ப்பார். இரண்டு வருகை இப்படியே தவறிப்போனது. மூன்று முறை எழுதிக் கொடுத்த பிறகு என் எண்ணையும் சேர்த்தார்கள், ‘இதர தொடர்பு’ என்கிற கட்டத்தில்.

மகளுக்கு இப்போது இரண்டேகால் வயதுக்கு மேல் ஆகிறது. இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறாள். அது மையத்தாலா, தானாக வரவேண்டியது வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது, தாமதமாகப் பேசுகிற குழந்தைகளில் பலர் தாமாகவே பிடித்துக்கொள்வதுண்டு. ஆனால் கேள்வி கேட்பது எனக்குக் குறைந்திருக்கிறது, அது அவர்களால்தான்.

5-க்கு 3.5. ஆசிரியர் பயிற்சிக்கு மட்டும் என்றால் 4.5. சேரப்போகிறவர்கள் இரண்டு விஷயத்தை முதல் நாளே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்கள், வருகிறவர் பாதியில் மாறினால் குறிப்புகள் யார் கையில் இருக்கும். நாங்கள் அடுத்த சுற்றுக்கும் பெயர் கொடுத்திருக்கிறோம். விண்ணப்பத்தில் ‘தாய்’ என்று இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டு என் பெயரை எழுதினேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள்.