பெல்ட்டா, பேட்டரியா, ஐஸ் பெட்டியா? ரெண்டு சீட்டு விமானத்துக்குள் குளிர்ச்சி

ராமநாதபுரத்தில் கார் ஏசி வேலை பார்க்கிறேன். அக்கா வீட்டுக்காரர் அமெரிக்காவில் கால்வெஸ்டன் பக்கம் இருக்கிறார். ஆர்வி-7 என்ற ரெண்டு சீட்டு விமானத்தை உதிரிபாகங்களாக வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே கட்டி வருகிறார். போன கோடையில் ஊருக்கு வந்தபோது கேட்டார்: "மாப்ள, கூட்டாளியோட ஆர்வி-7ல ஏறி உக்காந்தேன். மேல கண்ணாடிய மூடுனதும் வெந்துபோச்சு. இதுக்கு ஏசி போட முடியுமா?"

கால்வெஸ்டனும் நம்ம பாம்பன் மாதிரிதான்: தீவு, பாலம், உப்புக் காற்று, கசகசக்கும் வெயில். அதனால் அவருடைய கேள்விக்கு இங்கேயே உட்கார்ந்து பதில் தேட முடிந்தது.

காரில் ஏசி போடும்போது யாரும் எடை பார்ப்பதில்லை. இதில் அதுதான் முதல் கணக்கு. இந்த விமானம் அதிகபட்சம் 816 கிலோவோடு கிளம்பலாம். கட்டி முடித்த வெறும் விமானமே 500 கிலோ பக்கம் வரும். டேங்க் நிறைய 159 லிட்டர் பெட்ரோல் என்றால் சுமார் 114 கிலோ. ஆள் ரெண்டு பேருக்கு 160. மிச்சம் 40 கிலோ சொச்சம். பை, தண்ணீர், ஏசி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

முதல் வழி, இன்ஜினில் பெல்ட் போட்டு ஓட்டும் கம்ப்ரசர். எனக்குக் கைவந்த வேலை இதுதான். குளிர்ச்சியில் இதை எதுவும் அடித்துக்கொள்ளாது. இன்ஜின் ஓடும்வரை குளிரும். ஆனால் கம்ப்ரசர், வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டன்சர், ஹோஸ், பிராக்கெட் எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவுக்குக் குறையாது. ஓடும்போது ரெண்டு மூன்று குதிரைசக்தியையும் தின்னும். கண்டன்சருக்குக் காற்று வர வயிற்றுப் பக்கம் ஒரு வாய் திறந்தால், பறக்கும் நேரமெல்லாம் அது காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். பைப்பர் கம்பெனி தன் சின்ன விமானங்களில் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தது: இன்ஜின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளியதும் ஒரு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும், காற்று வாயும் உள்ளே மடங்கிக்கொள்ளும். கிளம்பும்போது முழு சக்தியும் முன்னால் சுழலும் ப்ரொப்பெல்லருக்குப் போகட்டும் என்பதற்காக. வீட்டில் கட்டுபவரும் குறைந்தது அந்த கட்-ஆஃப் சுவிட்சையாவது வைத்தே ஆக வேண்டும். இன்னொன்று உப்பு. மண்டபம், தங்கச்சிமடம் வண்டிகளின் கண்டன்சரில் இருக்கும் மெல்லிய தகடுகள் பொடிந்து உதிர்வதை வருஷம் பூராவும் பார்க்கிறேன். கால்வெஸ்டனிலும் அந்தக் கதை மாறாது.

ரெண்டாவது, மின்சாரத்தில் ஓடும் 12 வோல்ட் கம்ப்ரசர். பெல்ட் இல்லை, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கு போட்டால் கை கடிக்கிறது. இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், 60 ஆம்ப் என்றால், 14 வோல்ட்டில் 840 வாட் கொடுக்கும். ரேடியோ, திரை, விளக்கு போக மிஞ்சுவதில்தான் கம்ப்ரசர் ஓடணும். அதற்கே 40 ஆம்ப் தேவை. தரையில் இன்ஜின் ஐடிலில், மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் முழு கரண்ட் தராது. வெக்கை உச்சத்தில் இருப்பதும் அதே நேரம்தான். அப்போது பேட்டரிதான் இறங்கும். அவருக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலர் வறண்ட ஊருக்கு சரி. நம்ம கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம், புழுக்கம்தான் கூடும்.

அப்புறம் ஐஸ் பெட்டி. ஏசி சைஸை டன் என்று சொல்கிறோமே, அதுவே ஐஸ் கணக்குதான்: 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகி இழுக்கும் வெப்பம் ஒரு டன். 10 கிலோ ஐஸ் உருகி, அந்தத் தண்ணீர் 15 டிகிரிக்கு ஏறும்வரை ஏறக்குறைய 3,970 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பிரித்தால் 1.1 கிலோவாட், வீட்டு ஒரு டன் ஏசியில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு சதுர மீட்டர் உச்சி வெயிலே கிட்டத்தட்ட 1 கிலோவாட் இருக்கும் என்பதால் உள்ளே மொத்தத்தையும் குளிராக்க இது போதாது. நெஞ்சுக்கும் முகத்துக்கும் நேராகக் காற்று வந்தால் போதும்.

மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டி, போட்டில் தண்ணீர் இறைக்கும் சின்ன 12 வோல்ட் பம்ப், பழைய கார் ஹீட்டர் காயில், ஒரு ஃபேன். பம்ப் ஐஸ் தண்ணீரைக் காயிலுக்குள் சுற்றவிடும், ஃபேன் அதன் வழியே காற்றை ஊதும். இவ்வளவையும் வைத்து, உச்சிப்புளியில் வெயிலில் நிறுத்திய பழைய மாருதி ஒன்றில் நானும் மச்சானும் ஓட்டிப் பார்த்தோம். கார் முழுக்க ஆறவில்லை. ஆனால் காற்று பட்ட இடத்தில் சட்டை காய்ந்தது. "இது போதும் மாப்ள" என்றார்.

போதும்தான். 1,000 அடி ஏறினால் வெப்பம் சுமார் 2 டிகிரி குறையும். தரையில் 36 என்றால் 6,000 அடியில் 24. நிமிஷத்துக்கு 1,000 அடி ஏறும் விமானத்துக்கு ஆறே நிமிஷம். அவருக்குக் குளிர் வேண்டியது தரையில் நிற்கும் கால் மணி நேரமும் இந்த ஆறு நிமிஷமும். அதற்காக 20 கிலோ இரும்பையும் அலுமினியத்தையும் வருஷம் பூராவும் சுமப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐஸ் பெட்டி நிறைத்தாலும் 15 கிலோதான். குளிர்காலத்தில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். தாழ்வாகவே மணிக்கணக்கில் பறப்பவர் என்றால் பெல்ட் கம்ப்ரசரையே சொல்வேன்.

பெட்டியில் ரெண்டு விஷயம் கவனிக்கணும். அது சீட்டுக்குப் பின்னால் உட்காரும். ஐஸ் உருகினாலும் எடை அங்கேயே இருக்கும். இறக்கையின் முன்பக்க டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய பாரம் பின்னால் நகரும். ஆகவே இறங்கும் நேரத்துப் பெட்ரோலை வைத்தும் எடை மையக் கணக்கு போட்டுப் பார்க்கணும். இன்னொன்று, ஐஸ் கம்பெனி பார் வேண்டாம். உப்புத் தண்ணீர் தொட்டியில் டின்னை இறக்கித்தான் அதை உறைய வைக்கிறார்கள். டின் ஓட்டையென்றால் உப்பு ஏறியிருக்கும். அலுமினிய உடம்புக்குள் அது சொட்டவே கூடாது. வீட்டு ஃப்ரீசரில் நல்ல தண்ணீரை உறைய வைத்து, பெட்டிக்குள் உடைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். மச்சான் இப்போது சீட்டுக்குப் பின்னால் பெட்டியை இறுக்கிக் கட்ட நாலு கொக்கி அடித்துவிட்டார்; அடுத்து, இறங்கியபின் தண்ணீரை வெளியே விட வயிற்றில் ஒரு குழாய்.