க்ரயோலாவின் தோல் நிற க்ரேயான்: பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

கண்டிப்பாக வாங்கலாம். நம் பிள்ளைகள் 'ஸ்கின் கலர் குடு' என்று கேட்டு வாங்கித் தீட்டுவது வெளிர் பீச் நிறத்தைத்தான், வீட்டில் ஒருவருக்குக்கூட அந்த நிறம் இருக்காது, ஆனாலும் படத்தில் அம்மா, அப்பா, தாத்தா எல்லாரும் அதே நிறத்தில்தான் நிற்பார்கள். இது எனக்கு ரொம்ப நாள் உறுத்தல். க்ரயோலா 2020இல் கொண்டுவந்த 'கலர்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்' டப்பாவில் மிக வெளிர் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை 24 தோல் நிறங்கள் இருக்கின்றன. என் மகள் ஒவ்வொரு குச்சியாகக் கையில் வைத்துப் பார்த்து, உள்ளங்கைக்கு ஒன்று, புறங்கைக்கு வேறொன்று என்று எடுத்தாள், அப்புறம் பாட்டியின் கையைப் பிடித்திழுத்து அதற்கும் தேட ஆரம்பித்துவிட்டாள். 'நான் ஏன் கறுப்பு?' என்று முகம் வாடிக் கேட்கிற பிள்ளைக்கு நாம் சொல்கிற சமாதானங்களைவிட இந்தத் தேடல் எவ்வளவோ மேல். தயவுசெய்து பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, 'கொஞ்சம் வெளுப்பா எடு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் வீணாகிவிடும். பச்சை, நீலமெல்லாம் இதில் கிடையாது, எனவே வழக்கமான டப்பாவும் கூடவே வேண்டும்.