நான்கு டெல்டாக்கள், ஒரு எஸ்கார்ட்: எதை வாங்குவது?

இத்தாலியின் பழைய ராலிக் காரான லான்சியா டெல்டா இன்டெகிராலே வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்து மயங்கியவர்கள். அந்தப் படத்தில் இருப்பது அதன் பிந்தைய பதிப்பான எவோ: புடைத்த சக்கர வளைவுகள், கூரையின் பின்விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் ஸ்பாய்லர், முறைத்துப் பார்க்கும் நான்கு வட்ட விளக்குகள். விலையிலும் உச்சியில் இருப்பது அதுதான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1987 முதல் 1992 வரை குரூப் ஏ (கடையில் விற்கும் காரை ஒட்டிய பந்தய வகை) டெல்டாக்கள் உலக ராலிப் போட்டிகளில் 46 முறை வென்றன. அதில் 11 வெற்றி இன்டெகிராலேவுக்கு முந்தைய எச்.எஃப். 4டபிள்யூ.டி. காருடையது. 14 வெற்றி 8 வால்வு இன்டெகிராலேவுடையது. 13 வெற்றி 16 வால்வுக்கு. எவோவின் பங்கு 8, அதுவும் 1992 என்ற ஒரே ஆண்டில். இன்று அதிகப் பணம் கொடுத்து வாங்கப்படும் எவோ 2 ஒரு உலக ராலியைக்கூட வென்றதில்லை.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இவற்றை ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி. கூடவே போட்டிக்கு வெளியிலிருந்து ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்.எஸ். காஸ்வொர்த்தையும் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் இந்தக் காரின் பிறவிக் குணம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ வரைந்த டெல்டா 1979இல் வந்த சாதாரணக் குடும்பக் கார். 1980இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதையும் வாங்கியது. முன்சக்கர இயக்கம், சின்ன எஞ்சின், கடைக்குப் போய் வர ஏற்ற அளவு. 1986 மே 2 அன்று கோர்சிகா ராலியில் ஹென்ரி தொய்வோனனும் அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் டெல்டா எஸ்4 காரில் எரிந்து மாண்டார்கள். அந்தக் காருக்குப் பெயரில் மட்டும்தான் டெல்டாவுடன் உறவு. அதன் பிறகு குரூப் பி அசுரக் கார்களுக்குத் தடை வந்தது. 1987 முதல் குரூப் ஏதான் ராஜபாட்டை: பந்தயத்தில் ஓடும் கார் கடையிலும் விற்க வேண்டும், ஓராண்டில் 5,000 கார்கள் கட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் சிறிய உடல், டர்போ, நான்கு சக்கர இயக்கம் மூன்றும் சேர்ந்த கார் கைவசம் தயாராக இருந்தது லான்சியாவிடம். 1986இல் வந்த 165 குதிரைத்திறன் எச்.எஃப். 4டபிள்யூ.டி. அது.

அதாவது சிறிய எஞ்சினுக்காக வரைந்த தகட்டு உடலில் இரண்டு மடங்குக்கும் மேல் சக்தியையும், பின்சக்கரங்களுக்கு ஒரு தனி டிஃபரன்ஷியலையும் திணித்தார்கள். இந்தக் காரின் எல்லா இன்பமும் எல்லாத் தொல்லையும் அங்கிருந்து தொடங்குகின்றன.

எச்.எஃப். 4டபிள்யூ.டி. பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒடுங்கிய உடல், சின்னச் சக்கரம். நல்ல நிலையில் கிடைப்பதே அரிது. கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். கிடைக்காதவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

1987இல் வந்த 8 வால்வு இன்டெகிராலே 185 குதிரைத்திறன் கொண்டது. சக்கர வளைவுகள் இதில்தான் முதன்முதலாகப் பெட்டி போல வெளியே தள்ளின. இழுவிசையில் முன்சக்கரங்களுக்கு 56 பங்கு, பின்சக்கரங்களுக்கு 44. வளைவில் வேகமாக நுழைந்தால் மூக்கு கொஞ்சம் வெளிப்பக்கம் போகும். ஆக்ஸிலரேட்டரைச் சற்றே தளர்த்தினால் அடங்கிவிடும். நடு வேகத்தில் டர்போ தள்ளும் சுகம் இதில் தனி. ஊருக்குள் 16 வால்வைவிட இதை ஓட்டுவது எளிது என்பேன். குறை என்றால் பிரேக். 14 அங்குலச் சக்கரத்துக்குள் பெரிய டிஸ்க் வைக்க இடமில்லை. மலைச்சாலையில் இறங்கும்போது கால் அதை உணரும்.

1989இல் 16 வால்வு வந்தது. 200 குதிரைத்திறன், 15 அங்குலச் சக்கரம், பெரிய பிரேக். சிலிண்டர் ஹெட் உயரமாகிவிட்டதால் பானெட்டில் ஒரு திமில். அதைவிட முக்கியமான மாற்றம் கண்ணுக்குத் தெரியாது: இழுவிசைப் பங்கீடு 47க்கு 53 என்று தலைகீழானது. பின்சக்கரங்களுக்குக் கூடுதல் பங்கு போனதால் வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வால் மெல்லத் திரும்பி மூக்குக்கு வழிகாட்டும். நான்கு சக்கர இயக்கக் கார் என்பதையே மறக்க வைக்கும் குணம் இது. பந்தயத்தில் இது களமிறங்கிய 1989 சான்ரெமோ ராலியில், வழக்கமான வெள்ளை உடையை விட்டுச் சிவப்பு உடுத்தி வந்தது. இத்தாலிய ஓட்டுநர் மிக்கி பியாசியன் வென்றார். எஞ்சின் சுழற்சி குறைவாக இருக்கும்போது மந்தம்தான். டர்போ விழித்தபின் மன்னித்துவிடலாம்.

எவோ 1991இல் வந்தது, 210 குதிரைத்திறன். சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கூடியது, நான்கு போல்ட் சக்கரம் ஐந்து போல்ட் ஆனது, சஸ்பென்ஷன் கோபுரங்களுக்குக் குறுக்கே ஒரு தண்டு வந்தது. இத்தாலியர்கள் செல்லமாக 'டெல்டோனா' என்றார்கள், பெரிய டெல்டா. 1991 முடிவில் லான்சியா தொழிற்சாலை அணி அதிகாரபூர்வமாக விலகிய பிறகு, ஜாலி கிளப் அணியின் பெயரில் இது ஓடி 1992இன் 14 போட்டிகளில் 8ஐ அள்ளியது. அதில் ஆறு ஓட்டுநர் டிடியே ஓரியோலுக்கு. ஆனாலும் ஓட்டுநர் பட்டம் டொயோட்டாவில் இருந்த கார்லோஸ் சைன்ஸுக்குப் போனது! தயாரிப்பாளர் பட்டம் தொடர்ந்து ஆறாவது முறையாக லான்சியாவுக்கு.

எவோ 2, 1993. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி, சிறிய டர்போ, 215 குதிரைத்திறன், 16 அங்குலச் சக்கரம், வெளிர்நிற அல்கன்டாரா துணி போர்த்திய ரெகாரோ இருக்கைகள். 2,500 சுழற்சியிலேயே முழு இழுவிசை கிடைக்கும். நான்கு இன்டெகிராலேக்களில் மிகவும் நாகரிகமானது இதுதான். ஜப்பானில் இதற்குப் பைத்தியமாக ஒரு கூட்டம் இருந்தது. கடைசி 250 கார்கள், நடுவில் மூவண்ணப் பட்டை ஓட, அவர்களுக்கென்றே 'எடிட்சியோனே ஃபினாலே' என்ற பெயரில் போயின. என் குறை ஒன்றுதான். ராலிக்காகக் கட்டாத ஒரே இன்டெகிராலே இது. ராலிக் கதைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர், அந்தக் கதையில் வராத பாத்திரத்துக்கு விலை கொடுக்கிறார்.

இனி செலவுக் கணக்கு. நால்வருக்கும் பொதுவான எமன் துரு. முன்கண்ணாடியின் கீழ்மூலைகள், முன்தூணின் அடி, கூரை தூணைச் சந்திக்கும் இடங்கள், பின்கதவின் விளிம்பு, தரைத் தகடு. துருவைவிட மோசமானது விரிசல். இரண்டு மடங்கு சக்தியைத் தாங்கும் தகடு முறுகி முறுகிக் கூரை மூலையில் பெயிண்டில் ஒரு மயிரிழைக் கோடு விழும். அதைப் பெயிண்ட் வெடிப்பு என்று விற்பவர் சொல்வார். நம்பாதீர்கள். பட்டி பூசி மறைத்த கூரை அடுத்த மழைக்காலத்துக்குள் உண்மையைச் சொல்லிவிடும். சன்ரூஃப் வைத்த கார்களில் கூரைக்கு இயற்கையான பலம் இன்னும் குறைவு; அதன் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஈரம் நேராகக் காலடிக்கு வரும். சன்ரூஃப் இல்லாத காரைத் தேடுங்கள், ஆறு மாதம் தாமதமானாலும் சரி.

இரண்டாவது, வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட். இதைக் கிலோமீட்டர் கணக்கில் விடாமல் ஆண்டுக் கணக்கில் மாற்ற வேண்டும், ஏனென்றால் இந்தக் கார்கள் பெரும்பாலும் நின்றே காலம் கழிப்பவை. நிற்கும் காரிலும் ரப்பர் மூப்படையும். எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்குத் தனிப் பெல்ட் உண்டு. அது அறுந்து பிரதான பெல்ட்டில் சிக்கினால் 16 வால்வு எஞ்சினில் வால்வுகள் பிஸ்டனில் போய் முட்டும். எஞ்சின் குறுக்காகப் படுத்திருப்பதால் பெல்ட் இருக்கும் பக்கம் கை நுழையவே இடமில்லை. பெல்ட்டின் விலை சொற்பம், கூலிதான் அதிகம். இந்தக் காரில் பழகிய மெக்கானிக் பக்கத்தில் இல்லாத ஊரில் இருப்பவர் வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கலாம்.

வயரிங் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் உண்மை. ஆனால் அது பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. பாதி மின்கோளாறு எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் தீர்ந்துவிடும். உதிரிப்பாகங்களில் எஞ்சினுக்குக் கவலை குறைவு, அதன் உறவினர் லான்சியா தேமாவிலும் இருந்தது. உடலுக்கும் உள்ளலங்காரத்துக்கும்தான் அலைய வேண்டும். எவோவுக்கு மட்டும் உரிய அகன்ற தகடுகளுக்கு இன்னும் கூடுதல் அலைச்சல். 8 வால்வுக்கு ஆகும் அதே டிங்கரிங் வேலை எவோவுக்கு எப்போதும் அதிகமாக வரும்.

எஸ்கார்ட் காஸ்வொர்த் பக்கம் வருவோம். 1992 முதல் 1996 வரை ஜெர்மனியின் ரைனே நகரில் கார்மன் ஆலையில் மொத்தம் 7,145 கார்கள். பெயரும் முகமும் எஸ்கார்ட். அடியில் இருப்பதோ சுருக்கிய ஃபோர்டு சியரா. 227 குதிரைத்திறன், இழுவிசையில் பின்சக்கரத்துக்கு 66 பங்கு. எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருப்பதால் மெக்கானிக்கின் கை தாராளமாகப் போகும், அந்த ஒரு காரணத்துக்காகவே இதை விரும்புபவர்கள் உண்டு. ஸ்டீயரிங் வலப்பக்கமும் கிடைக்கும். டெல்டா இன்டெகிராலே ஆலையிலிருந்து இடப்பக்க ஸ்டீயரிங்கோடு மட்டுமே வந்தது. வலப்பக்கமாக இருந்தால் பின்னால் யாரோ மாற்றியது, அந்த மாற்றத்தின் தரத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஆரம்பகால எஸ்கார்ட்டின் பெரிய டர்போ சோம்பேறி. 1994க்குப் பிந்தைய சின்ன டர்போ கார் அன்றாடத்துக்கு ஏற்றது. பியாசியனே பிறகு ஃபோர்டுக்குப் போய் 1993இல் கிரீஸ் அக்ரோபொலிஸ் ராலியை இதில் வென்றார். ஆனால் உலகப் பட்டம் எதுவும் இதற்கு வாய்க்கவில்லை.

கார் என்ற அளவில் எஸ்கார்ட் உறுதியானது, கூடுதலாக உழைக்கும், கராஜில் குறைவாக அழும். ஓட்டும்போது அது பெரிய காராகவே தோன்றும். டெல்டாவில் நான்கு மூலைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் இருக்கும், குறுகிய மலைச்சாலையில் அந்த வேறுபாடுதான் எல்லாம்.

நிசான் பல்சர் ஜி.டி.ஐ.-ஆர், கோல்ஃப் ராலி ஆகியவையும் இதே வகையில் பேசப்படுவது உண்டு. விலை குறைவு, திறமையும் உண்டு. ஆனால் டெல்டா வாங்க வந்தவர் இவற்றை வாங்கினால் டெல்டாவையே நினைத்துக்கொண்டு ஓட்டுவார்.

என் தேர்வு சன்ரூஃப் இல்லாத 16 வால்வு. பணம் கொஞ்சம் குறைவாக இருந்தால் 8 வால்வு, மிச்சத்தைப் பிரேக்குக்கும் பெல்ட்டுக்கும் ஒதுக்குங்கள். ஓட்டாமல் வைத்துப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் எவோ 2 பொருத்தமானது. வெளியூர்ப் பயணமும் உழைப்பும் முக்கியம் என்றால் சின்ன டர்போ எஸ்கார்ட்.

எதைப் பார்க்கப் போனாலும் முந்தின நாளே தொலைபேசியில் ஒன்று சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போய் இறங்கியதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், காலையில் குளிர்ந்த எஞ்சின் எழுப்பிய ஏதோ ஒரு சத்தத்தை அவர் உங்களுக்கு முன்பே கேட்டுவிட்டார்.