பீரோ கவிழாமல் பிடிக்கும் பட்டை: தாராளமாக வாங்கலாம், ஆனால் கூட வரும் ஸ்க்ரூவை நம்பாதீர்கள்

ஆன்லைனில் ‘ஆன்டி டிப் ஸ்ட்ராப்’ என்று தேடினால் வருகிற கிட் இது. 6 நைலான் பட்டை, ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டு இரும்புப் பிடி, ஒரு சின்ன கவரில் ஸ்க்ரூ, இன்னொரு கவரில் சுவர் ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக், டிவிக்கு என்று தனியாக நான்கு போல்ட். 649 ரூபாய் கொடுத்தேன். பிராண்ட் பெயர் எழுதவில்லை, ஏனென்றால் இதே பட்டை, இதே பிடி, பெட்டி மட்டும் மாறி நிறைய பெயர்களில் கிடைக்கிறது. வாங்கி நான்கு மாதம் ஆகிறது. தருமபுரியில் எங்கள் வீட்டிலும் ஓசூரில் என் தங்கை வீட்டிலும் மாட்டிய பிறகுதான் எழுதுகிறேன்.

ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பையனுக்கு அப்போது இரண்டே கால் வயது. எங்கள் படுக்கையறையில் இருப்பது கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் சீராகக் கொடுத்த இரும்பு பீரோ, ஆறரை அடி உயரம், ஒரு கதவில் முழு நீளக் கண்ணாடி. வீடு துடைக்கும்போது தண்ணீர் பட்டு அடி துருப்பிடிக்கிறது என்று நான்கு காலுக்கும் கீழே அரைச் செங்கல் வைத்திருந்தோம், நம் ஊரில் பாதி வீட்டில் இப்படித்தான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை துணி எடுக்க பீரோவை இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தார். மேல் தட்டில் அவனுடைய பொம்மை பஸ் இருந்தது, அடம் பிடிக்கிறான் என்று நான்தான் அங்கே ஒளித்து வைத்திருந்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டு கீழ்த் தட்டில் கால் வைத்து, அடுத்த தட்டைப் பிடித்துத் தொங்கி ஏறியிருக்கிறான். முன்பக்கச் செங்கல் ஒன்று நகர்ந்தது. பீரோ முன்னால் சாய்ந்தது. அத்தை தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு கத்திய சத்தம் எனக்குச் சமையலறைக்குக் கேட்டது. ஓடிப்போய் நானும் தள்ளி நிமிர்த்தினோம். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அத்தைக்குத் தோளில் ஒரு வாரம் வலி இருந்தது. அந்த நேரம் அறையில் பெரியவர்கள் யாரும் இல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்து பல நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

இவ்வளவு கனமான பீரோ ஒரு 12 கிலோ குழந்தைக்கு எப்படிச் சாயும் என்று கணவர் கேட்டார். கனம் இருப்பதால்தான் பயமே. கதவு இரண்டும் திறந்ததும் கதவின் எடை, கண்ணாடியின் எடை எல்லாம் முன்கால்களைத் தாண்டி வெளியே வந்துவிடுகிறது, பீரோவின் ஆழமோ ஒன்றரை அடிதான், கூடவே குழந்தையும் முன்பக்கம் தொங்கினால் பாரம் மொத்தமும் முன்காலுக்கு வந்துவிடும். கீழ்த் தட்டில் ஒன்றுமில்லாமல் மேலே பட்டுப்புடவையும் பாத்திரமும் அடுக்கியிருந்தால் இன்னும் மோசம், எங்கள் பீரோ அப்படித்தான் இருந்தது. டிராயர் வைத்த மர அலமாரி என்றால் குழந்தை ஒவ்வொரு டிராயராக இழுத்துப் படிக்கட்டு மாதிரி ஏறும். அமெரிக்காவில் இப்படிக் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததால்தான் 2016-இல் ஐகியா நிறுவனம் 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் விடாமல் கேட்டதில் 2022 டிசம்பரில் தனிச் சட்டமே வந்தது. 2023 செப்டம்பர் முதல் அங்கே தயாராகும் துணி அலமாரிகள், டிராயர்களைத் திறந்து வைத்து, 27 கிலோ வரை எடையுள்ள குழந்தை ஏறினால் ஏற்படும் பாரத்தைக் கொடுத்துப் பார்த்தாலும் கவிழாமல் நிற்க வேண்டும். அம்மா வீட்டில் பீரோ வாங்கிய கடையில் சுவரோடு பிடிக்க ஒரு கிளாம்ப் கூடக் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே தெரியாது.

சரி, கிட்டுக்கு வருகிறேன். பட்டை நன்றாக இருக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். நெய்த நைலான், அகலமாக, கார் சீட் பெல்ட் போல இருக்கிறது, இழுத்து இறுக்கும் கொக்கியும் இரும்பு. இதைவிட விலை குறைவாக, வயரைக் கட்டும் பிளாஸ்டிக் டை போல ஒரு வகை விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். அந்த மாதிரி பிளாஸ்டிக் டை நாளாக ஆக நொறுங்கி அறுந்துவிடுகிறது என்று அமெரிக்காவில் ஒரு வகை கிட்டைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்குத் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்பே ஒரு கோடை தாண்டுவதில்லை.

குறை எல்லாம் ஸ்க்ரூவிலும் பிளக்கிலும்தான். பெட்டி மேல் 150 கிலோ தாங்கும் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அது பட்டையின் கணக்கு. உள்ளே இருக்கும் பிளக்கின் நீளம் ஒரு அங்குலம். நம் வீட்டுச் சுவரில் பூச்சே அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும், பழைய வீடு என்றால் இன்னும் தடிமன். அப்படியென்றால் அந்த பிளக்கின் பாதி வெறும் பூச்சில்தான் நிற்கும். கணவர் முதலில் அவரே டிரில் வாங்கி வந்து கிட்டில் வந்ததை வைத்தே மாட்டினார், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு பட்டையைப் பிடித்து இரண்டு கையால் பலமாக இழுத்துப் பார்த்தேன், பிளக் பூச்சோடு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. மாட்டியதும் எல்லோரும் இதைச் செய்து பாருங்கள், உங்கள் கைக்கு வந்தால் அது பீரோவைப் பிடிக்காது.

பீரோ பக்கமும் இதே கதை. கிட்டில் இருப்பது மரத்துக்கான ஸ்க்ரூ, இரும்பு பீரோவின் முதுகுத் தகட்டில் அது நிற்கவே நிற்காது, தகடு அவ்வளவு மெல்லிசு, நாலு முறை ஆட்டினால் ஓட்டை பெரிதாகிவிடும்.

அப்புறம்தான் பென்னாகரம் ரோடு பக்கம் இருக்கும் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டோம். இந்த ரிவ்யூவில் பாதி அவருக்குத்தான் சேரும். “ஏம்மா, ஏசி மாட்டக் கூப்பிடுவாங்க, ஃபேன் மாட்டக் கூப்பிடுவாங்க, பீரோவக் கட்டிப்போட இப்பதான் மொத தடவ வர்றேன்” என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது, அவர் வீட்டிலும் ஒன்றரை வயதில் பேத்தி இருக்கிறாள். கிட்டில் வந்த ஸ்க்ரூ கவரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஹார்டுவேர் கடையில் போய் இரண்டரை அங்குல ஸ்க்ரூ, அதற்கேற்ற நீள நைலான் பிளக், பீரோவுக்குப் போல்ட், நட்டு, அகலமான வாஷர் வாங்கிவரச் சொன்னார். மொத்தம் 130 ரூபாய்.

ஓட்டை போடும் முன் சுவிட்ச் போர்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தார். போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் உள்ளே ஒயர் பைப் போகும், அந்தக் கோட்டில் கை வைக்கக் கூடாது என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் என்றால் தண்ணீர்க் குழாயையும் யோசிக்க வேண்டும். டிரில் போடும்போது கீழே விழும் தூளைப் பார்க்கச் சொன்னார், எனக்கு இது புதுசு. முதலில் சாம்பல் நிறத் தூள் வந்தால் பூச்சு, பிறகு செக்கச்செவேல் என்று வந்தால் செங்கல்லுக்குள் போய்விட்டது. சிவப்பு வராமல் சாம்பல் மணலே வந்துகொண்டிருந்தால் இரண்டு கல்லுக்கு நடுவே கலவையில் போகிறது, அங்கே பிடி இருக்காது, கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். எங்களுக்கு முதல் ஓட்டை அப்படித்தான் ஆனது, அதை அடைத்துவிட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டார்.

பீரோவில் மேல் தட்டைக் காலி செய்து, முதுகுத் தகட்டின் மேல் விளிம்பில் தகடு மடிந்து வரும் இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டு, உள்ளிருந்து போல்ட்டை விட்டு, இரண்டு பக்கமும் அகல வாஷர் வைத்து நட்டைப் போட்டு முடுக்கினார். வாஷர் இல்லாவிட்டால் போல்ட் தலை தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். இடதில் ஒன்று, வலதில் ஒன்று. முடிந்த அளவு மேலே பிடிப்பதுதான் நல்லது, உச்சியில் கொஞ்சம் பலத்திலேயே பிடித்துவிடலாம், இடுப்பளவில் பிடித்தால் அதே வேலைக்கு இரண்டு மடங்கு பலம் வேண்டும்.

எல் ஆங்கிள் (எல் வடிவ இரும்புப் பிடி) போட்டாலே போதாதா என்று கேட்பீர்கள். சுவரோடு ஒட்டி நிற்கும் சாமானுக்குப் போதும், 40 ரூபாயில் முடியும், பட்டையை விட உறுதி. ஆனால் எங்கள் வீட்டில் தரையோரம் ஒட்டிய டைல்ஸ் முட்டுவதால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கிறது, பட்டையாக இருந்ததால் இழுத்து இறுக்கிக்கொள்ள முடிந்தது. தொய்வு மட்டும் இருக்கவே கூடாது. தொய்வாக இருந்தால் பீரோ கொஞ்சம் சாய்ந்து வேகம் எடுத்த பிறகுதான் பட்டை பிடிக்கும், அந்த உதறலில் பிளக் பிடுங்கிக்கொள்ளலாம்.

செங்கல் நான்கையும் அன்றைக்கே எடுத்து வெளியே போட்டோம். துருவுக்கு இப்போது காலுக்கு அடியில் தட்டையான ரப்பர் புஷ் இருக்கிறது, ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒரு மணி நேர வேலைக்கு அண்ணன் கேட்டது 400, நாங்கள் 500 கொடுத்தோம். சொன்ன நாளுக்கு மறுநாள் வந்தார் என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

எங்களுடையது வாடகை வீடு. ஓனர் முதலில் சுவரில் ஓட்டையே போடக் கூடாது என்றார். போனில் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை, நேரில் வரவழைத்து, செங்கல் நகர்ந்த இடத்தையும் பையனையும் காட்டினேன். காலி செய்யும்போது புட்டி வைத்து பெயின்ட் அடித்துத் தருகிறோம் என்றதும் சரி என்றுவிட்டார். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் தயங்காமல் கேளுங்கள்.

ஓசூரில் தங்கை வீட்டில் வேறு பிரச்சினை. அவளுடையது நான்கு டிராயர் வைத்த மர அலமாரி, சுவர் ஹாலோ பிளாக். டிரில் ஒரு அங்குலம் போனதும் பொசுக்கென்று உள்ளே விழுந்துவிட்டது, உள்ளே வெற்றிடம். அங்கே சாதாரண பிளக் சும்மா சுற்றும். உள்ளே போய் முடிச்சு மாதிரி சுருண்டு பிடித்துக்கொள்ளும் ஒரு வகை நைலான் பிளக் இருக்கிறது, ஓசூரிலேயே பெரிய ஹார்டுவேர் கடையில் கிடைத்தது, அதைப் போட்டதும் நின்றது. வெள்ளையாக இருக்கும் லைட் வெயிட் பிளாக் சுவர் என்றால் டிரில்லில் இடித்துக்கொண்டே துளைக்கும் ஹாமர் மோடைப் போடக் கூடாது, கல் உதிர்ந்து ஓட்டை பெரிதாகிவிடும், அதற்கும் தனி பிளக் உண்டு. எந்தச் சுவர் என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

அவள் வீட்டில் ஆள் வந்து முதலில் அலமாரியின் முதுகுப் பலகையில் பிடியை மாட்டப் போனான். அது வெறும் அட்டை மாதிரிப் பலகை, சின்ன ஆணியில் நிற்பது. இழுத்தால் பலகை மட்டும் சுவரோடு இருக்கும், அலமாரி குழந்தை மேல் இருக்கும். மேல் பலகையிலோ பக்கப் பலகையிலோதான் மாட்ட வேண்டும். அங்கே கிட்டில் வந்த ஸ்க்ரூ சரியாக இருந்தது, இந்த கிட் செய்ததே அந்த மாதிரி மரச் சாமானுக்காகத்தான். கனமான துணிகளைக் கீழ் டிராயருக்கு மாற்றினோம், அதற்குக் காசே ஆகாது.

டிவி போல்ட் எங்கள் டிவிக்குப் பொருந்தவில்லை, பின்னால் ஓட்டையின் அளவு வேறு. கடையில் அளவைச் சொல்லி வேறு வாங்கிப் போட்டோம். மேஜை மேல் நிற்கிற மெல்லிசு டிவி ஒரு கை இழுத்தாலே முன்னால் வரும், அதனால் ஒரு பட்டை அதற்கும் போய்விட்டது.

மொத்தத்தில் பட்டைக்கு 5-க்கு 4, கூட வந்த ஸ்க்ரூ, பிளக்குக்கு 1, அண்ணன் வேலைக்கு 5. நான்கு மாதத்தில் ஒரு முறை இறுக்க வேண்டியிருந்தது, துணி எடுக்கும்போது கதவை இழுத்து இழுத்து ஒரு பட்டை லேசாகத் தளர்ந்திருந்தது. பொம்மை பஸ் இப்போது தரையில் ஒரு கூடையில் இருக்கிறது.

6 பட்டையில் பீரோவுக்கு 2, டிவிக்கு 1, தங்கைக்கு 2 போக 1 மிச்சம் இருக்கிறது. ஆடிக்குப் பாலக்கோட்டில் அம்மா வீட்டுக்குப் போகிறோம், அங்கேயும் ஒரு பீரோ உண்டு. அதற்குத்தான் இன்னொரு கிட் போட்டிருக்கிறேன். அங்கே சுவர் கருங்கல் கட்டு, அதற்கு எந்த டிரில் பிட் வாங்க வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டுவிட்டேன், தானே டிரில்லோடு வருகிறேன் என்றிருக்கிறார்.